குல்லாவை எழுதப்போகிறேன், அக்கா

அக்காவுக்கு,

முடிவு செய்துவிட்டேன். தலைச்சடை மாதிரி முறுக்கிப் பின்னிய எட்டுச் சடை ஓடுகிற நம் குல்லாவைக் கட்டத்தாளில் வரிசை வரிசையாக எழுதி, யார் வேண்டுமானாலும் பார்த்துப் பின்னும்படி வெளியிடப்போகிறேன். மார்கழிப் பனி இறங்குவதற்குள் வந்துவிட வேண்டும் என்பது எண்ணம்.

தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. நீங்கள் எடுப்பதில்லை. இங்கே நான் எழுதுவதைப் பெரியவள் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்று அத்தை சொன்னார்கள். அதனால்தான் இங்கே. ஓர்ப்படிகளான நம் இருவர் வீட்டையும் அறிந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் போன தை மாதத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டேன். அது நம் கதவுக்குள் இருக்கட்டும். குல்லாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்களைக் கேட்காமல் தொடங்கியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். "எழுதிக் கொடுத்தால் லூதியானாக்காரன் மெஷினில் அடித்து விற்றுவிடுவான்" என்பீர்கள். அவன் ஏற்கெனவே அடிக்கிறான் அக்கா. ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்துத் திபெத்தியர் கடைகளில் தொங்குகிற குல்லாக்களை எடுத்துப் பாருங்கள். கணினி வைத்த பின்னல் இயந்திரம் நூல் வளையங்களான கண்ணிகளை ஒரு ஊசி வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, சடையை அழகாகவே குறுக்கே கடத்திவிடுகிறது. சடை ரகசியமே இல்லை. அந்தக் குல்லாக்களில் பலவற்றில் இல்லாதது உச்சி. தலையின் வளைவு தொடங்கும் இடத்தில் சடை அறுந்து நிற்கும். மிச்சத்தைச் சுருக்கிக் கட்டி, மேலே ஒரு குஞ்சத்தை வைத்து மூடிவிடுவார்கள்.

நம் குல்லாவுக்குக் குஞ்சம் தேவைப்படவில்லை. பெரிய சடை எட்டும் ஒடுங்கி ஒடுங்கி உச்சிவரை போய்ச் சேரும். அதை எழுதத்தான் ஆசைப்படுகிறேன்.

அந்த உச்சி எப்படி வந்தது என்று நீங்கள் வேறு மாதிரி நினைவு வைத்திருக்கலாம். என் நினைவை எழுதுகிறேன். மரம் விழுந்து மின்கம்பி அறுந்துபோன இரவு. ஆண்கள் தூங்கிவிட்டார்கள். கணப்புச் சட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். கரும்பச்சை நூல். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த நிறத்தில் கண்ணி எது, இடைவெளி எது என்று தெரியாது, விரலால்தான் எண்ண வேண்டும். நான் சாதாரணக் குல்லாவுக்குச் செய்வதைப் போலவே சம தூரத்தில் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்துக் குறைத்துக்கொண்டு போயிருந்தேன். குறைப்பெல்லாம் சடையின் மேலேயே போய் விழுந்து, எட்டுச் சடையும் எட்டு இடத்தில் முடமாகி நின்றன.

நீங்கள் கையை நீட்டினீர்கள். கொடுத்தேன். விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை கேட்காமல் ஊசியை உருவி நூலை இழுத்தீர்கள். வளைவு முழுவதும் சர்ரென்று அவிழ்ந்து உங்கள் மடியில் விழுந்தது. என் வேலை அது. பிரிக்கட்டுமா என்று கேட்டிருந்தால் நானே பிரித்திருப்பேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அவிழ்ந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "பள்ளத்தில் குறை. மேட்டைத் தொடாதே."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊசியில் 112 கண்ணி. ஆறு கண்ணிப் பெரிய சடை, இரண்டு பர்ல் (உள்ளே அமுங்கிப் பள்ளமாகத் தெரிகிற கண்ணி), நான்கு கண்ணிச் சின்னச் சடை, மறுபடி இரண்டு பர்ல். இந்தப் பதினான்கு எட்டு முறை. சடைக்கு நடுவே ஓடுகிற பர்ல் பள்ளங்கள் மொத்தம் பதினாறு. ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டை ஒன்றாக்கினால் 96. சில வரிசை விட்டு அந்த ஒன்றையும் பக்கத்துச் சடையின் ஓரத்துக் கண்ணிக்கு அடியில் ஒளித்தால் 80. சடைகளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பள்ளம் மட்டும் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில் அதைப் பார்த்தபோது உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வரைந்து பார்க்காமல், எண்ணிப் பார்க்காமல் உங்களுக்கு அது தெரிந்திருந்தது. உங்களைப் போன்ற கையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆனால் 80இல் நின்றுவிட்டது. பள்ளங்கள் தீர்ந்துவிட்டன, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. "இனிமேல் மேட்டைத்தான் வெட்ட வேண்டும், பரவாயில்லை, குஞ்சம் வைத்துவிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கணப்பில் கை காய்ச்சத் தொடங்கினீர்கள்.

அடுத்தது என் வேலை. இதை நான் எங்கேயும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அடுத்த வரிசை பெரிய சடை கடக்க வேண்டிய வரிசை. முதல் மூன்று கண்ணியைத் தனியாக ஒரு சடைக் கம்பியில் ஏற்றி முன்னால் தொங்கவிட்டேன். பின்னால் இருந்த மூன்றில் இரண்டைச் சேர்த்து ஒன்றாகவும் மூன்றாவதைத் தனியாகவும் பின்னினேன். கம்பியிலிருந்த மூன்றையும் அதே மாதிரி இரண்டாக்கினேன். ஆறு நான்கானது. பின்பக்கக் குறைப்பை முன்னால் தாண்டுகிற கண்ணிகள் முழுதாக மறைத்துக்கொண்டன. முன்பக்கக் குறைப்பு சடை திரும்புகிற மடிப்போடு மடிப்பாகக் கலந்துவிட்டது. எட்டுச் சடையிலும் செய்து முடித்துவிட்டுப் பேசாமல் உங்களிடம் நீட்டினேன். நீங்கள் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். கட்டை விரலால் ஒவ்வொரு சடையையும் அழுத்தினீர்கள்.

"எங்கே குறைத்தாய்?" என்று கேட்டீர்கள்.

அக்கா, அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் பின்னினேன்.

பிறகு, நாம் குல்லா பின்னிக் கொடுத்த அந்தக் கடையில் நீங்கள் சொன்னது. பெங்களூரிலிருந்து வந்த அம்மாள் குல்லாவை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து யார் டிசைன் என்று கேட்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். "என் டிசைன்தான். இவள் என் ஓர்ப்படி, கூடமாட உதவி செய்கிறாள்" என்றீர்கள். கூடமாட! அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது "பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், விடு" என்றார். விட்டேன். அடுத்த வாரமும் அந்தக் கடைக்குப் பின்னினேன். விலையில் யாருக்கு எவ்வளவு என்பதை இங்கே எழுதமாட்டேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாங்க வருகிறவர்களிடம் நீங்கள் அயர்லாந்துக் கதை சொல்வீர்கள், நினைவிருக்கிறதா? அரன் தீவுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சடை, கடலில் செத்து ஒதுங்குகிறவனை அவன் ஸ்வெட்டர்ச் சடையைப் பார்த்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுகொள்வார்கள் என்பீர்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செடுக்கும். குல்லாவை எழுத உட்கார்ந்தபோது அதைத் தேடிப் படித்தேன். அது நடந்ததற்குச் சான்று இல்லை. 1904இல் டப்ளினில் அரங்கேறிய ஒரு நாடகத்தில் தங்கை தன் அண்ணனின் காலுறையை, தான் விட்ட கண்ணிகளின் எண்ணிக்கையை வைத்து அடையாளம் காண்கிறாள். அதில் ஸ்வெட்டரும் இல்லை, குடும்பச் சடையும் இல்லை. அந்தக் காட்சி ஊர் சுற்றி வளர்ந்துதான் நீங்கள் சொன்ன கதையாகியிருக்கிறது. உடம்பெல்லாம் சடை ஓடுகிற அந்த வெள்ளை ஸ்வெட்டரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. அந்தப் பெண்கள் வீட்டாருக்குப் பின்னினார்கள், பிறகு விற்கவும் பின்னினார்கள், நம்மைப் போல.

கதை பொய்யானதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்தக் காலுறை என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னியவளுக்குத் தன் கை தெரியும். ஒரு பந்தியில் நூறு குல்லாவை விரித்து வைத்தாலும் உங்களுடையது எது, என்னுடையது எது என்று நாம் இருவரும் சொல்லிவிடுவோம். கடைக்காரர் கடைசிவரை நாம் இரண்டு அளவில் பின்னுவதாகவே நம்பினார். இரண்டு அளவும் கிடையாது. கீழ்ப்பட்டைக்கு அதே 96 கண்ணி ரிப், மேலே அதே 112, அதே ஊசி. என் கை தளர்வு, 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழும். உங்கள் கை இறுக்கம், 24. உங்களுடையது பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பொருந்தியது, என்னுடையது பெரியவர்களுக்கு.

எழுதும்போதுதான் அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று புரிந்தது. இதுவரை நான் பார்த்தே இராத ஒருத்தியின் கைக்கு நான் எழுத வேண்டும். முதலில் ஒரு சதுரம் பின்னி, நனைத்து, காயவைத்து, அளந்து பார் என்று சொல்ல வேண்டும். அதையும் சடையோடு பின்ன வேண்டும். சடை துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரணப் பின்னலில் அளந்தால் குல்லா சிறுத்துவிடும். ரிப் முடிந்ததும் ஒவ்வொரு சடைத் தொகுதிக்கும் இரண்டு கண்ணி கூட்டுவது அந்த இழுப்பை ஈடுகட்டத்தான் என்று நமக்குக் கைக்குத் தெரியும், தாளில் காரணத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. நூலைப் பற்றியும் எழுத வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லாவில் நீலகிரி ஆடுகளையே வளர்த்து ஆராய்கிறார்கள். நாமோ பஜாரில் அக்ரிலிக் பந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். அக்ரிலிக் என்றே எழுதியிருக்கிறேன். அதில்தான் நம் குல்லா பிறந்தது.

"சடையெல்லாம் உன்னுடையதா?" என்று கேட்பீர்கள். இல்லை. தோடர் பெண்களின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கறுப்பும் சிவப்பும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தது, அவர்களுக்கே உரியது. மூன்றை மூன்று தாண்டுகிற சடை அப்படிப்பட்டதல்ல. அது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் எட்டு வரிசைக்கொரு முறை பெரியது கடக்க, நான்கு வரிசைக்கொரு முறை சின்னது கடக்க, இரண்டும் ஒரே வரிசையில் சேரும் இடத்தில் உச்சி தொடங்க வேண்டும் என்று கணக்கிட்டவள் நான். தாள் தீர்ந்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு அது. நீங்கள் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறீர்கள்.

விரலில்லாத கையுறையை எழுதப்போவதில்லை. அது முழுக்க உங்களுடையது. வலது கைக்குக் கண்ணிகளைப் பின்னால் தொங்கவிட்டு, இடது கைக்கு முன்னால் தொங்கவிட்டு, இரண்டு சடையும் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பியதும், கட்டை விரலுக்கு இடம்விட நீங்கள் கூட்டிய விதமும் எனக்குப் பார்த்துச் செய்ய வரும், எழுத உரிமை இல்லை. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். நீங்கள் வாயால் சொன்னால் நான் கட்டத்தாளில் போட்டுத் தருகிறேன். உங்கள் பெயரில் வரட்டும்.

இப்போது விரல்கள் மரத்துப்போகின்றன என்று அத்தை சொன்னார்கள். இரவில்தான் அதிகமாம். டாக்டரிடம் காட்டினீர்களா? கோவை வெயிலில் உல்லன் நூலைத் தொடவே மனம் வராதுதான். ஆனாலும் நீங்கள் ஊசியை மூட்டை கட்டி வைத்துவிட்டீர்கள் என்று கேட்டபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி, இரண்டு முனையையும் துவைக்கிற கல்லில் தேய்த்து மழுக்கிச் சடைக் கம்பி செய்து கொடுத்தீர்களே, இன்றும் அதில்தான் பின்னுகிறேன். கடையில் வாங்கியது வழுக்குகிறது. போகும்போது உங்கள் பொருள்களையெல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு போனீர்கள், அதை மட்டும் கேட்கவில்லை. மறந்தீர்களா, விட்டுவைத்தீர்களா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும் திருப்பித் தரமாட்டேன்.

கடைசியாகப் பெயர் விஷயம். முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருக்கும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. உச்சி தொடங்கும் வரிசைக்கு மேலே "பள்ளத்தில் குறை, மேட்டைத் தொடாதே" என்று போட்டு, சொன்னவர் என்று உங்கள் பெயரையும் போட நினைக்கிறேன். மாமாவுக்கு அது பிடிக்காது என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன், வாக்கியத்தை எடுக்கமாட்டேன். அது இல்லாமல் அந்த உச்சியை யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது.

போடலாம் என்றால் இனிஷியல் எது என்று பெரியவளிடம் சொல்லி அனுப்புங்கள். உங்கள் அப்பாவுடையதா, மாமாவுடையதா? கடைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த ரசீதுகளில் இரண்டும் மாறி மாறி இருக்கின்றன. இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். கேட்காமல் போட்டாள் என்று பிறகு அத்தையிடம் சொல்லக் கூடாது.

அன்புடன்,
உங்கள் தங்கை