மண்வள அட்டையில் புழுவுக்கும் ஒரு வரி கொடுங்கள்

காவிரி டெல்டா மாவட்டங்களின் வேளாண் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

வலங்கைமான் பக்கம் எனக்கு ஏழு மா நிலம். சம்பா அறுப்புக்கு முன்னால் தையில் உளுந்து தெளிப்பது எங்கள் வழக்கம். போன சம்பாவில், புழுதியில் விதைத்த மேட்டுவயலில் அங்கங்கே வட்டம் வட்டமாகப் பயிர் வெளுத்து நின்றது. துத்தநாகக் குறை என்றார்கள், சிங்க் சல்பேட் போட்டேன். தழைச்சத்துக் குறை என்றார்கள், யூரியாவும் போட்டேன். வட்டம் அப்படியே இருந்தது; உரக்கடைக்காரருக்குத்தான் பச்சை பிடித்தது.

மண்ணை ஒரு பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோனேன். கார அமிலத்தன்மை, உப்பு, தழை, மணி, சாம்பல் என்று அட்டையில் 12 இனம் வந்தது. பெரிய குறை எதுவும் இல்லை. மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து வேரைத் தாக்கும் நூல் போன்ற புழுவாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். "நூற்புழு இருக்கான்னு பார்ப்பீங்களா சார்?" என்று கேட்டேன். "அது இங்க பாக்கறதில்ல" என்று சொல்லி, அடுத்தவர் பையை வாங்கிக்கொண்டார்.

சரி என்று நானே ஒரு தூரை மண்ணோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் அலசினேன். வேர் நுனிகள் தூண்டில் முள் மாதிரி வளைந்து வீங்கியிருந்தன. வேளாண்மை படித்த பக்கத்து வீட்டுப் பையன், நெல்லைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவின் அடையாளம் இது என்றான். அதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

தையில் தெளித்த உளுந்தின் வேரையும் அலசிப் பார்த்தோம். நைட்ரஜன் பிடிக்கும் நல்ல முடிச்சுகள் இருந்தன; கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அவற்றுக்கு நடுவே கசகசாவில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் சில. முட்டைக்கூடு நூற்புழுவாக இருக்கலாம் என்றான் பையன். அந்த இனத்தில் பெண்புழு வேரில் வாயைப் பதித்துக்கொண்டு உடம்பு ஊதிக் கிடக்கும். செத்த பிறகு அந்த உடம்பே பழுப்பேறிக் கெட்டியான கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. கூடு காய்ந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும், வருஷக்கணக்கில்.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். உளுந்து, பயறு, துவரையைத் தாக்கும் ஹெட்டெரோடெரா கஜானி என்ற இனத்தின் கூடு எலுமிச்சை வடிவம். 1978-இல் கேரளத்து நெல்லிலிருந்து விவரிக்கப்பட்ட ஹெட்டெரோடெரா ஒரைசிகோலாவின் கூடும் எலுமிச்சை வடிவம்தான். மக்காச்சோளத்தைத் தாக்கும் ஹெட்டெரோடெரா சியேவும் அப்படியே. நீலகிரி உருளைக்கிழங்கில் வருவது மட்டும் உருண்டை, அதைப் பார்த்ததும் பிரித்துவிடலாம். மற்றதையெல்லாம் கூட்டின் பின்முனையை வெட்டி, நுண்ணோக்கியில் அங்குள்ள சன்னல் போன்ற திறப்புகளையும் உள்ளே இருக்கும் குமிழ்களையும் பார்த்து, குஞ்சுப்புழுவின் வாயில் உள்ள ஊசியையும் வாலையும் அளந்துதான் சொல்ல முடியும்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்கலாம். இருப்பது கஜானி என்றால் நான் நிறுத்த வேண்டியது உளுந்தை, நெல்லை அல்ல. ஒரைசிகோலா என்றால் கதை தலைகீழ். அதே மாதிரி, வயலில் தண்ணீர் கட்டினால் வேர்முடிச்சுப் புழு புதிதாக வேருக்குள் நுழைவது குறையும். நெல்லின் வேர் நூற்புழு என்ற இன்னொரு வகையோ தண்ணீர் நின்ற வயலில்தான் சௌக்கியமாக இருக்கும். எது என்று தெரியாமல் குருணை மருந்து போட்டால் காசுதான் கரையும்.

நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. உரச்சத்துச் சோதனைக்கு உலர்த்திய மண் பாதிக்கு மேல் மீந்துதான் போகிறது. அதைத் தண்ணீரில் கலக்கினால் காய்ந்த கூடுகள் மேலே மிதக்கும், சல்லடையில் பிடித்துவிடலாம். மற்றப் புழுக்கள் உலர்ந்தால் செத்துவிடும் என்பதால் அவற்றுக்கு ஈரமண்ணும் வேரும் தனிப் பையில் வேண்டும், வெயிலில் வைக்கவே கூடாது. இதை எங்கள் ஊர்க் கூட்டத்தில் யாரும் இதுவரை சொன்னதில்லை. வட்டாரத்துக்கு ஒருவருக்காவது சல்லடை வேலையைப் பழக்குங்கள். கிடைக்கும் கூடுகளை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பிப் பெயர் கேட்டு வாங்கி, அட்டையில் ஒரு வரியாக எழுதிக் கொடுங்கள்.

வெளுத்த வட்டத்தின் ஓரங்களில் ஒரு சாண் ஆழத்தில் எடுத்த மண்ணை வேரோடு இரண்டு பையாகக் கட்டி, திண்ணை நிழலில் வைத்திருக்கிறேன். எங்கே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வலங்கைமான் வட்டத்து விவசாயி ஒருவன்