மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்

கும்பகோணம்

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்தது. இங்கே ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டுவிட்டது. தாளடி நட்ட வயலில் தண்ணீர் வடியவில்லை என்று தம்பி காலையும் மாலையும் வாய்க்காலுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறான். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை, எட்டு வயதாகிறது, இன்னும் வீட்டிலேயே வைத்துக்கொள்வதா, ஊர்ப் பள்ளியில் பெயரைச் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியா, இல்லை சம்பந்தியம்மா சொல்கிற மாதிரி எங்காவது ஹோமில் விடுவதா என்று கேட்டிருக்கிறாய். ரிட்டயர் ஆனதிலிருந்து திருவிடைமருதூர் போகிற வழியில் உள்ள ஒரு சிறப்புப் பள்ளியில் நான் கூடமாட ஒத்தாசை செய்வது உனக்குத் தெரியும். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், கண்ணும் காதும் சேர்ந்து பாதித்தவர்கள் என்று அங்கே வருகிற எல்லாருமே கூடவே ஓர் ஆள் தேவைப்படுகிற பிள்ளைகள். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

எந்தப் பள்ளியானாலும், சேர்ப்பதற்கு முன்னால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார். ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் போகாதே. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து காபி குடித்துப் பேசிவிட்டும் வந்துவிடாதே. பன்னிரண்டரை மணிக்குப் போய் ஓரமாக நில்.

நான் போகும் பள்ளியில் சோறு ஊட்டுவதும் ஒரு பாடவேளைதான். பிள்ளையை முதுகு நிமிர உட்காரவைத்து, இடுப்புப் பட்டை போட்டு, பாதம் இரண்டும் பலகையில் படியும்படி வைக்கிறார்கள். தலை பின்னால் சாயக்கூடாது, முகவாய் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கவேண்டும். ஊட்டுகிற டீச்சர் எதிரே, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தாழ்ந்து உட்காருவார். கரண்டி முன்னாலிருந்துதான் வரும், மேலிருந்து வராது. வாயில் வைத்தபின் தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். ஒரு கிண்ணம் சோற்றுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். சாப்பிட்டு முடித்ததும் படுக்கவிட மாட்டார்கள், அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவேண்டும்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மடியில் படுக்கப்போட்டு, தலையை அண்ணாத்தி, ரசம் சாதத்தைக் கரைத்து ஊற்றுகிறோம். மளமளவென்று இறங்குகிறதே என்று சந்தோஷப்படுகிறோம். அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாயில் இறங்கலாம். அடிக்கடி நெஞ்சுச்சளி, காய்ச்சல், நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். பல பிள்ளைகளுக்கு நீர்த்த ரசமும் தண்ணீரும்தான் விழுங்கக் கஷ்டம். குழைந்த பருப்பு சாதமும் கெட்டிக் கஞ்சியும் அவர்களுக்குச் சுலபம். இவனுக்கு மாதாமாதம் சளி கட்டுகிறது என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். டாக்டரிடம் சளிக்கு மருந்து மட்டும் கேட்காமல், விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்றும் தெரிந்துவிடும். அங்கே ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், பேச்சு இல்லை, கையும் சரியாக நீளாது. டீச்சர் ஒரு கையில் முட்டைப் படமும் இன்னொரு கையில் கீரைப் படமும் பிடித்துக் காட்டிவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருந்தார். நான் என்றால் அதற்குள் மூன்று தடவை "எது வேணும், எது வேணும்" என்று கேட்டிருப்பேன். அந்தப் பெண் கண்ணை மெதுவாக ஓட்டி முட்டையில் கொண்டுவந்து நிறுத்தினாள். கீரையை வாயருகே கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பிடிக்கவில்லை என்று காட்டத் தெரிந்த பிள்ளையிடம் கண்டவர்களும் கண்டபடி நடந்துகொள்ள முடியாது என்பார் அந்த டீச்சர். அதனால் எண்ணையும் எழுத்தையும்விட முதலில் மறுக்கத்தான் கற்றுத் தருகிறார். நாற்பது பிள்ளைகளைக் கைகட்டி உட்காரவைத்தே காலம் தள்ளியவள் நான், எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது அவர் கட்சிதான்.

அப்புறம் நம் ஊர் அன்னதானப் பிரியர்கள். பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று கேக்கும் பிரியாணியுமாக வந்து இறங்குவார்கள். தங்கள் கையாலேயே ஒரு வாய் ஊட்டவேண்டும், அதை ஒருவர் போட்டோ எடுக்கவேண்டும். புரையேறினால் என்ன ஆவது? இந்தப் பள்ளியில் ஊட்டவும் விடுவதில்லை, போட்டோவும் கிடையாது. அரிசியாகவோ பணமாகவோ கொடுத்துவிட்டுப் போகலாம். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். டிரஸ்டை நம்பி நடக்கும் பள்ளிக்கு அது நஷ்டம்தான், ஆனாலும் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த விஷயத்தில் வளைந்து கொடுக்கும் பள்ளியாக இருந்தால் நான் இரண்டு தரம் யோசிப்பேன்.

கழிப்பறையையும் பார். துணி மாற்ற மறைவான இடம் இருக்கிறதா, ஆயா எத்தனை பேர், பெரிய பிள்ளைகளை இருவராகத் தூக்குகிறார்களா என்று கவனி. கட்டடத்தைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதே. ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி. இங்கே எல்லாம் தரைத்தளம், காங்கிரீட் தளம், சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவுகள், கேஸ் சிலிண்டர் வெளியே. எந்தப் பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். போகிற இடத்தில் அதையும் கேள்.

ஊர்ப் பள்ளியில் "யார் பார்த்துக்கொள்வது" என்று திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். ஆனால் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஊட்டிவிடவும் துணி மாற்றவும் ஆள் இல்லாத இடத்தில் சட்டத்தைக் காட்டி இடம் வாங்கினாலும், கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருப்பான். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிப்பதுதான் நியாயம். அதற்கு அந்தப் பள்ளி தயாராகும் வரை இவன் காத்திருக்க முடியாது. சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து விளையாடும்படி பார்த்துக்கொள். தேர், திருவிழாவுக்கும் தூக்கிக்கொண்டு போ.

ஹோம் வேண்டாம், விஜி. எட்டு வயதுப் பிள்ளை ராத்திரி அம்மா பக்கத்தில் தூங்கவேண்டும். வேன் வந்து போகிற தூரத்தில் மன்னார்குடியிலோ திருவாரூரிலோ பகல்நேரப் பள்ளி இருந்தால் அதுவே போதும், பெயர்பெற்ற பள்ளியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதற்குள் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பெயரைப் பதிந்துவை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிசியோதெரபி உண்டு, வெளியே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே சிறப்பாசிரியர் வருவதும் உண்டு. பிசியோவை மட்டும் தள்ளிப்போடாதே. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளராது, ஆனால் எலும்பு வளர வளரத் தசை இறுகிக்கொண்டே போகும். நடக்காத பிள்ளைக்கு இடுப்பு மூட்டு நழுவக்கூடும், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். உன் பெண்ணின் முதுகுக்காகவும்தான் சொல்கிறேன். இருபது கிலோ பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவாள், மாப்பிள்ளையோ சிங்கப்பூரில்.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் இன்னும் அழுகிறாளா? பிறந்தவுடன் அழவில்லை, மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அதை எடுத்து அவள் கண்ணில் படுகிற இடத்தில் வை. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகலாம் என்று சம்பந்தியம்மா சொன்னால் போய்வாருங்கள், எனக்கும் ஓர் அர்ச்சனை செய். வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரக்கூடும்.

காகிதங்களைச் சொல்லிவிடுகிறேன். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியாகிவிட்டதா? அதை வைத்துத்தான் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கவேண்டும். நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருடத்துக்கு ஒரு லட்சம் வரை. 18 வயது முடிந்ததும் அவன் சார்பில் கையெழுத்துப் போடப் பெற்றோருக்கே அதிகாரம் இருக்காது. கலெக்டர் தலைமையிலான குழுவில் மனுப்போட்டுப் பாதுகாவலர் உத்தரவு வாங்கவேண்டும். அதற்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது, ஆனாலும் மாப்பிள்ளையின் காதில் இப்போதே போட்டுவை.

மழை கொஞ்சம் விட்டதும் அவனையும் உன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. நீடாமங்கலம், வலங்கைமான் வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் நேரே கும்பகோணம்தான். காலையில் பள்ளிக்குப் போவோம், சாப்பாடு முடியும் வரை இருந்து பார்த்துவிட்டு வருவோம். கலெக்டர் மழைக்கு லீவு விட்டிருக்கிறாரா என்று முதல் நாள் ராத்திரியே போன் பண்ணிக் கேட்டுக்கொள். அவன் வழக்கமாகச் சாப்பிடும் கரண்டியும் மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

உன்,
மங்கை