அம்மாவுக்கு இடம் பார்க்கும் மகளுக்கு

அன்பு மகள்,

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து மாதங்கள் ஆகியும் வலப்பக்கம் எழும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை, சீனியும் பிறஷரும் இருக்கின்றன, கொழும்பு வேலையை விட்டு வரவும் வழியில்லை, அதனால் மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ ஒரு முதியோர் இல்லம் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற கவலையும் அதில் இருந்தது. ஒரு ஆள் தனியாகப் புரட்ட முடியாத உடம்பை, முறை வைத்து நாலு பேர் பார்க்கும் இடத்தில் விடுவது கைவிடுவது ஆகாது. சரியான இடத்தைத் தேடாமல் விடுவதுதான் பிழை. அதனால் தேடுவதைப் பற்றியே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்க நினைத்த மூன்று கேள்விகள்: தனி அறை உண்டா, டொக்டர் வருவாரா, மாதம் எவ்வளவு. இந்த மூன்றுக்கும் எல்லா இல்லமும் நல்ல பதில் வைத்திருக்கும். புதுப் பெயின்ட்டும் டைல்ஸும் முற்றத்துப் பூச்சாடியும் பராமரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. போனதும், அங்கே இருப்பவர்களில் மிகவும் இயலாதவர் யார், எங்கே படுத்திருக்கிறார் என்று கேளுங்கள். அவருக்கு வணக்கம் சொல்லி, சம்மதம் கேட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் இருங்கள். எழும்பி நடப்பவர்கள் தண்ணியைத் தாங்களே எடுத்துக் குடிப்பார்கள், குறையிருந்தால் சத்தம் போடுவார்கள். வாய் பேச முடியாமல் கிடப்பவரின் உடம்புதான் அந்த இல்லத்தின் உண்மையான பதிவேடு. உங்கள் அம்மா அந்தக் கட்டிலுக்குத்தான் போகப் போகிறார்.

உதடும் நாக்கும் காய்ந்து வெடித்திருக்கிறதா, கண் ஓரத்தில் பீளை கட்டியிருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணிக் கோப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். வலக்கை விழுந்தவருக்கு வலப்பக்க மேசையில் கோப்பை இருந்தால் அது இல்லாததற்குச் சமம். கூப்பிடும் மணியும் அப்படித்தான்.

படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாரிக்குக் கீழே வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை, இவைதான் புண் வரும் இடங்கள். சாதாரண மெத்தையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசியும் சதைக்கு இரத்தம் போகாமல் நின்று, தோல் உள்ளிருந்தே சாகத் தொடங்குவதுதான் புண். வெளியே தெரியும்போது உள்ளே பெரிதாகியிருக்கும். முதல் அடையாளம் சிவப்பு என்று எழுதிவைத்திருப்பார்கள். நம்முடைய கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கும், தொட்டால் சூடாகவோ கல்லுப்போலவோ இருக்கும். இதை அங்கே வேலை செய்யும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்.

பக்கம் மாற்றிய நேரத்தை எழுதும் தாள் கட்டிலில் தொங்க வேண்டும். 2, 4, 6, 8 என்று ஒரே பேனையில், ஒரே கையெழுத்தில், முழு இரவும் ஒழுங்காக நிரப்பியிருந்தால் அது காலையில் உட்கார்ந்து எழுதிய தாளாக இருக்கலாம். காற்று மெத்தை இருந்தால் பம்ப் ஓடுகிறதா, கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். காற்று மெத்தை இருந்தாலும் பக்கம் மாற்றத்தான் வேண்டும். வளையம்போலக் காற்றடித்த ரியூப்பை நாரிக்குக் கீழே வைத்திருந்தாலோ, கறுத்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்தாலோ, அந்த இடத்தில் பழைய பழக்கம் ஓடுகிறது. இரண்டுமே புண்ணைக் கூட்டும். குதிக்காலுக்கு, கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதியைத் தொங்கவிடுவதே போதும். "இப்போது எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது, அதில் இங்கே வந்த பிறகு வந்தது எத்தனை" என்று நேரே கேளுங்கள். எண்ணிக்கையும் காரணமும் சொல்லும் இடத்தை நான் நம்புவேன். "எங்களிடம் ஒருநாளும் வந்ததில்லை" என்றால் ஒருவருக்காவது போர்வையை விலக்கிக் காட்டச் சொல்லலாமா என்று பாருங்கள்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். மத்தியானம் 12 மணிபோலப் போய் நில்லுங்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம் வருவது வழக்கம். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நியூமோனியா வரலாம், அது புண்ணைவிடச் சீக்கிரம் ஆளை எடுக்கும். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது. ஊட்டுபவர் எதிரே உட்கார்ந்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் இறங்கியதைப் பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். நின்றபடி மூன்று பேருக்கு மாறி மாறி ஊட்டும் இடத்தில் அம்மாவை விடாதீர்கள். சோற்றைவிடத் தேத்தண்ணியும் சொதியும் தெளிந்த கஞ்சியும்தான் கூடுதலாக இருமலைக் கிளப்பும், ஏனென்றால் நீர்ப்பொருள் தொண்டையில் வேகமாக ஓடும். குடித்ததும் இருமல், குரலில் சளசளப்பு இருந்தால் அங்குள்ளவர்கள் கவனிக்கிறார்களா? சாப்பிட்ட பின் விழுந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு அடைந்திருக்கும். விரலில் துணி சுற்றியோ பிரஷாலோ வாயைத் துப்புரவாக்குகிறார்களா?

இராச்சாப்பாடு எத்தனை மணிக்கு, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள். பல இடங்களில் வேலையாட்கள் வீட்டுக்குப் போவதற்காகப் பின்னேரம் 6 மணிக்கே முடித்துவிடுவார்கள். காலை 8 மணி வரை 14 மணித்தியாலம். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுக்கும் வயதானவருக்கு அந்த இடைவெளியில் சீனி இறங்கினால், பேச முடியாதவர் வியர்த்து மயங்கிக் கிடப்பதை யாரும் நித்திரை என்றே நினைப்பார்கள். இரவு 9 மணிக்கு ஒரு கோப்பைப் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

தண்ணி விசயத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாம்பேர்ஸ் மாற்றும் வேலையைக் குறைக்கப் பின்னேரத்துக்குப் பிறகு தண்ணி கொடுக்காமல் விடுவது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நம்முடைய பக்கத்து வெக்கையில் இது ஆளைக் குழப்பிவிடும், சலம் கடும் மஞ்சளாகும், சலக்கடுப்பும் காய்ச்சலும் வரும். டொக்டர் அளவு கட்டாதவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் அளவில் ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு நாளைக்கு எத்தனை பாம்பேர்ஸ் என்று கேளுங்கள். இரண்டு என்றால் ஈரத்தில் ஊறிக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். நாலைந்தாவது வேண்டும். ஒரு மூலையில் மூத்திர நாற்றம் என்றால் இப்போதுதான் யாருக்கோ போயிருக்கும். வீடு முழுக்க அடித்தால் அது மெத்தையில் ஊறியது. கண்ணெரியும் அளவுக்கு லைசோல் வாசம் அடித்தாலும் நிம்மதிப்படாதீர்கள்.

மருந்துக்கு: ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெயர், கிளினிக் கொப்பி, கொடுத்தவர் கையெழுத்து வைக்கும் தாள். எல்லாக் குளிசையையும் உறையிலிருந்து கழற்றி ஒரே போத்தலில் போட்டிருந்தால் எது எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. விழுங்க முடியாதவருக்கு இடித்துக் கொடுப்பார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த பிறஷர், சீனிக் குளிசைகளை இடித்தால் முழு நாள் மருந்தும் ஒரேயடியாக இறங்கும். எதை இடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலின் பிரிட்ஜில் 2 முதல் 8 பாகை வரை இருக்க வேண்டும்; பிரீசரில் உறைந்ததை எறிந்துவிட வேண்டும். காலை 10 மணிக்குப் போகும்போது நடமாடக்கூடியவர்களும் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் நித்திரைக் குளிசை யார் எழுதியது என்று கேளுங்கள். யாரையாவது சேலைத் துண்டால் கதிரையோடு கட்டியிருப்பதைக் கண்டால் அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை, வந்துவிடுங்கள்.

அம்மாவைப் போன்றவரைத் தூக்கும் விதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விழுந்த கையைப் பிடித்தோ கக்கத்தில் கைகொடுத்தோ இழுத்தால் தோள் மூட்டு நழுவலாம். பிறகு அந்த வலி லேசில் போகாது. உட்காரும்போது அந்தக் கை தலையணையில் தாங்கியிருக்க வேண்டும்.

இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? விழித்திருப்பது என்றுதான் கேட்கிறேன், அங்கே படுப்பவர்களை அல்ல. ஒருவர்தான் என்றால் ஆளைப் பக்கம் புரட்டுவது கடினம். கொழும்பு இரவு பஸ் விடிய முன் வந்துவிடும். வீட்டுக்குப் போகாமல் நேரே இல்லத்துக்குப் போய்க் கேட்டைத் தட்டுங்கள். காலைக் குளிப்பாட்டலுக்கு முன் தெரிவதுதான் இரவின் நிலை. உறவினர் பார்க்கும் நேரம் 4 முதல் 5 வரை மட்டுமே என்று அடம்பிடிக்கும் இடம் வேண்டாம்.

மாரியில் வெள்ளம் ஏறும் ஊர் நம்முடையது. கட்டிலில் கிடப்பவர்களை எந்த வாகனத்தில், எந்தக் கட்டடத்துக்கு ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். "அப்படி ஏதும் வராது" என்பது பதில் இல்லை. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அம்பியுலன்ஸ் வரும். ஆனால் வார்ட்டில் அம்மாவோடு துணைக்கு நிற்பது யார், அதற்குத் தனிக் காசா? மாதக் கட்டணத்தில் பாம்பேர்ஸ், மருந்து, கிளினிக் பயணம் அடங்குமா? எல்லாம் எழுத்தில் வேண்டும். பென்சன் ஏரிஎம் கார்ட்டை இல்லத்தில் கொடுக்காதீர்கள்.

பதிவுப் பத்திரத்தையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்குச் சேவை செய்யும் அமைப்புகளின் பதிவைப் பற்றிப் பேசுகிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் அந்த இல்லத்தின் பெயரைச் சொல்லி, முறைப்பாடு வந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம். குசினியையும் கிணற்றையும் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிந்திருக்கும்.

சேர்க்கும் நாளில் இல்லப் பொறுப்பாளரோடு சேர்ந்து அம்மாவின் உடம்பைத் தலை முதல் குதிக்கால் வரை பார்த்து, இருக்கும் காயம், தழும்பு எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். நிறையும் எடுத்து எழுதுங்கள். பிறகு மாதாமாதம் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள், டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வயது போனால் இளைப்பார்கள் என்ற பதிலை ஏற்காதீர்கள். முதல் மாதத்தில் நீங்கள் வர முடியாத வாரங்களில் சொந்தக்காரர் யாரையாவது வேறு வேறு நேரத்தில் போய், குதிக்காலையும் வாயையும் பார்த்துப் போனில் சொல்லச் சொல்லுங்கள்.