"இரண்டு தையல்" எந்த ஓட்டைக்கு ஐயா?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி: "பெரியவர்களின் தொப்புள் ஹேர்னியாவுக்கு இரண்டு தையல் போதும், வலையமைப்பு வைப்பது வீண் செலவு." எழுதிய பெருந்தகை, குடலோ கொழுப்போ பிதுங்கி வரும் அந்த வயிற்றுச் சுவர் ஓட்டை எத்தனை செ.மீ. என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. ஒரு செ.மீ.க்குள் என்றால் தையல் மட்டும் போடலாம், பிழையில்லை. அதைத் தாண்டினால், இழுத்துக் கட்டிய நூல் இரும இரும, முக்க முக்க விளிம்பை அறுத்துக்கொண்டு வரும். 1 முதல் 4 செ.மீ. வரை ஓட்டையுள்ள 300 பேரிடம் ஐரோப்பாவில் செய்து, 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அதிகபட்சம் 30 மாதத்துக்குள் ஹேர்னியா திரும்ப வந்தது தையலில் நூற்றுக்கு 12, வலை (அவர் சொன்ன "வலையமைப்பு") வைத்ததில் 4. தாங்கள் அறியாததல்ல.

வலையை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். கொழுப்புக்குக் கீழே, தசையுறைக்கு மேலே வைப்பது சுலபம். ஆனால் அதற்குக் கொழுப்பை உரித்து இடமெடுக்க வேண்டும். அந்த இடத்தில் நீர் கோர்க்கும், சிலவேளை சீழும் பிடிக்கும். வயிற்றுக்குள்ளேயே வைத்தால் வெறும் பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக் வலை குடலோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சுள்ள, விலை கூடிய வலை வேண்டும். குடலை மூடிய சவ்வுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே வைத்தால் வயிற்றின் அமுக்கமே வலையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும். சவ்வு கிழிந்தால் முதலில் அதைத் தைத்து மூட வேண்டும். ஓட்டை 2 செ.மீ. என்றால் சுற்றிவர மும்மூன்று விட்டு 8 செ.மீ. வலை. ஓட்டையளவுக்கு வெட்டி ஒட்டுப்போட்டால், வலை சுருங்கும்போது விளிம்பால் பிதுங்கும்.

"வலையமைப்பு" டெலிபோன் கம்பனிக்காரரின் சொல் ஐயா. கல்லடியில் எந்த மீனவரைக் கேட்டாலும் வலைக்குக் கண் உண்டென்று சொல்லுவார். இதற்கும் உண்டு. கண் பெரிதான இலேசான வலைக்குள் உடம்பின் இழையம் ஊடுருவி வளரும். கண் சின்னதென்றால் தழும்பு ஒரே தகடாக இறுகும்.

போன வருடம், பிள்ளையின் பிதுங்கிய தொப்புளில் காசு வைத்துக் கட்டச் சொன்னதும் உங்கள் பத்திரிகைதான். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் ஓட்டை தானாக மூடும். காசு கட்டினால் தோல் புண்ணாவதுதான் மிச்சம். அதற்கு எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. இடப்பற்றாக்குறையாக இருக்கும். ஹேர்னியா பெல்ட் விளம்பரத்துக்கு மட்டும் கால் பக்கம் கிடைத்தது. வீக்கம் உள்ளே போகாமல் நொந்து, சிவந்து, வாந்தியும் வந்தால் பெல்ட்டை இறுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற ஒரு வரிக்கு இடமிருக்கவில்லை. புகைப்பவர் சத்திரசிகிச்சைக்கு நாலு முதல் ஆறு கிழமை முன்பே நிறுத்த வேண்டும் என்பதற்கும் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு முன்னால் "ஒரு செ.மீ.க்கு உட்பட்ட ஓட்டையென்றால்" என்று சேர்த்து, வரும் ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்கு அடியில் வேண்டாம், அதே மருத்துவப் பக்கத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சைக்கூடத் தாதி உத்தியோகத்தர்,
மட்டக்களப்பு.