வேப்பமரத்தை வெட்டிராதீங்கம்மா

ஆக்லாந்து, நியூசிலாந்து,
மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முதியோர் இல்லத்துல ராத்திரி டூட்டி முடிஞ்சு இப்பத்தான் ரூமுக்கு வந்தேன். தம்பி போன்ல சொன்னது மனசுலயே கிடக்கு. புறவாசல் வேப்பமரத்தை வெட்டிட்டு ரூம் எடுக்கப் போறானாமே. போன்ல பேசினா சண்டையாயிரும்னு எழுதுதேன். நீங்களே அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

போன ஞாயித்துக்கிழமை மிராண்டா கடற்கரைக்குப் போயிருந்தேன். இங்கருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. தண்ணி வத்தினா கண்ணுக்கெட்டுன மட்டும் சேறு. தண்ணி ஏற ஏற பறவை எல்லாம் கரையோரத்துக் கிளிஞ்சல் மேட்டுக்கு ஒதுங்கும். அதனால கடல் ஏறுற நேரம் பாத்துத்தான் போகணும். பட்டைவால் மூக்கன் ஆயிரக்கணக்குல நின்னுச்சு. இங்க உள்ள மாவோரி சனங்க குவாக்கான்னு சொல்லுதாங்க. அலாஸ்காவுல குஞ்சு பொரிச்சுட்டு, செப்டம்பர் வாக்குல பசிபிக் கடலை ஒரே மூச்சுல தாண்டி இங்க வருது. 2007-ல ஒரு பெட்டைக்குக் கருவி வச்சுப் பாத்திருக்காங்க. எட்டு நாளுக்கு மேல, 11,500 கிலோமீட்டருக்கும் கூட, இரை தண்ணி இல்லாம எங்கயும் இறங்காம பறந்திருக்கு. கிளம்புறதுக்கு முன்ன குடலும் இரைப்பையும் சுருங்கிருமாம், அந்தப் பாரமும் வேண்டாம்னு. இது திரும்பிப் போற மாசம். ஆணுக்கெல்லாம் நெஞ்சு செங்கல் நிறமாயிருக்கு.

அங்கயே ரைபில்னு ஒரு பறவை, உள்ளங்கையில அடங்குற அளவுதான். அதோட அலகு வலப்பக்கமா வளைஞ்சிருக்கும்மா. ஒண்ணு ரெண்டுக்கு இல்ல, எல்லாத்துக்கும் வலப்பக்கந்தான். ஆத்துக் கூழாங்கல்லுக்கு அடியில கிடக்குற பூச்சியை நெம்பி எடுக்க அப்படி. இந்த நாட்டை விட்டா வேற எங்கயும் அதைப் பாக்க முடியாது.

வந்தவங்க எல்லாரும் தூரத்துல தொலைநோக்கி வச்சுக்கிட்டு, பேச்சு மூச்சில்லாம நின்னாங்க. எனக்கு நம்ம தெரு ஞாபகம் வந்து கண்ணு கலங்கிட்டு. இவ்வளவு தூரம் வந்து எட்ட நின்னு பாக்குதாங்க. நமக்கு மஞ்சமூக்கு நாரை தலைக்கு மேலயே கூடு கட்டுது. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணிதான் வயலுக்கு உரம்னு அப்பா சொல்லுவாங்க. தீவாளிக்கு வெடி போடாமத்தானே நாங்க வளந்தோம்? நம்ம கூந்தன்குளத்தை 1994-ல சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022-ல ராம்சர்னு உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்லயும் சேத்தாச்சு. அதுக்கெல்லாம் முன்னாலயே காத்தது நம்ம ஊர் சனந்தான்.

ஒரு வருசம் காத்துல விழுந்த குஞ்சை அப்பா கடவாப்பெட்டியில வச்சு வளத்தது ஞாபகம் இருக்கா? காலையில குளத்துக்குப் போய்ப் பொடிக் கெண்டை பிடிச்சாந்து, வாலைக் கிள்ளிப் போட்டுட்டு ஒவ்வொண்ணா ஊட்டுவாங்க. அது தொண்டையை உப்பிக்கிட்டு இன்னும் இன்னும்னு கத்தும். வீடே கவிச்சி அடிக்கும். நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல.

டிரிடிரி மடாங்கின்னு ஒரு தீவுக்கும் போனேன். படகுல ஏறும் முன்ன செருப்பு அடியைத் தேச்சு, பையைத் திறந்து பாக்கணும். விதை, எறும்பு, எலி எதுவும் போயிரக் கூடாது. விவசாயத்துக்காகக் காட்டை அழிச்சு மொட்டையாக் கிடந்த தீவு. 1984-லருந்து பத்து வருசம் சனங்க ஞாயிறு லீவுன்னு பாக்காமப் போய் இரண்டரை லட்சத்துக்கும் மேல கன்னு நட்டிருக்காங்க. எலியை ஒழிச்சு, அழிய இருந்த பறவைகளைக் கொண்டாந்து விட்டாங்க. இப்ப தீவு முழுக்கச் சத்தந்தான். ஒரு பறவைக்கு மரம் வேணும்னா இவ்வளவு பாடு பட வேண்டியிருக்கு. நம்ம வீட்டுல மரமும் இருக்கு, கூடும் இருக்கு.

வாடை, எச்சம், துணி காயப் போட இடமில்ல, எல்லாம் எனக்குத் தெரியும். தம்பி சொல்றதுலயும் நியாயம் உண்டு. ஆனா இது பங்குனி நெருங்குற நேரம், கூட்டுல குஞ்சு இருக்கும். மாட்டுத்தொழு இருந்த இடம் சும்மாதானே கிடக்கு? அங்க வானம் தோண்டச் சொல்லுங்க. கூடுதலா ஆகுற செலவை நான் மாசா மாசம் அனுப்புதேன்.

இந்த வருசம் மரத்துல எத்தனை கூடுன்னு எண்ணி எழுதுங்க.

உங்க அன்பு மகள்