ஹோவிக் சரிவுக்கு எந்த டிராக்டர்? மகளுக்கு ஒரு கடிதம்

டோங்காட், தென்னாப்பிரிக்கா,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகள் கோகிலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஹோவிக்கில் நீங்கள் வாங்கியிருக்கும் நான்கு ஹெக்டேர் நிலத்துக்கு ஒரு சிறிய டிராக்டர் வேண்டும் என்று நீயும் மாப்பிள்ளையும் அனுப்பிய விவரத் தாள்களை இரண்டு நாள்களாக மேசையில் விரித்து வைத்துப் படித்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும். மறக்கக் கூடாத சில செய்திகள் இதில் இருப்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். சர்க்கரை ஆலைப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் இயந்திரங்களோடு இருந்தவன் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும்.

குபோட்டா பி.எக்ஸ்., மகிந்திரா ஜீவோ 245, பழைய மாஸி பெர்குசன் 135 ஆகிய மூன்றையும் நீ குதிரைத்திறனையும் விலையையும் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறாய். விற்பவர்களும் அந்த இரண்டையும்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் உன் நிலத்தில் பாதி சரிவு. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை எடை, சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், பிரேக் எந்தச் சக்கரங்களைப் பிடிக்கிறது என்பது ஆகிய மூன்றும்தான். குதிரைத்திறன் அதற்கு அப்புறம்.

டிராக்டருக்கு உங்கள் நிலத்தில் என்ன வேலை என்று யோசித்துப் பார்த்தேன். கிகூயூ புல்லையும் அதற்கு அப்பால் இடுப்பளவு வளரும் காட்டுப் புல்லையும் வெட்ட வேண்டும். மழையில் அரிபடும் சரளைப் பாதையைச் சமப்படுத்த வேண்டும். எருவும் விறகும் சுமக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எல்லையில் தீ தாண்டாதபடி புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். இது அக்கம்பக்கத்தாரின் விருப்பத்துக்காகச் செய்யும் வேலை அன்று. தீ பரவக்கூடிய நிலத்தின் உரிமையாளர் எல்லையில் தீத்தடுப்புக் கோடு அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டின் 101-ஆம் எண் சட்டம். ஹோவிக் இருக்கும் நடால் மிட்லண்ட்ஸில் குளிர்காலம்தான் வறண்ட காலம். உறைபனியில் புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும்போது ஒரு பொறி போதும். ஆகவே உன் டிராக்டரின் முதல் வேலை புல் வெட்டுவதுதான், உழவு அன்று. அரை ஏக்கர் காய்கறித் தோட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறை கூலிக்கு ஆள் வைத்து உழுதுகொள்ளலாம். அந்த ஒரு நாள் உழவுக்காகப் பெரிய இயந்திரம் வாங்க வேண்டாம்.

இனி அந்தத் தாள்களில் இருக்கும் எண்களுக்கு வருகிறேன். நம் நாட்டில் கிலோவாட்டில் எழுதுகிறார்கள்; 18 கிலோவாட் என்றால் ஏறத்தாழ 24 குதிரைத்திறன். அது எஞ்சினின் திறன். ஸ்லாஷரை, அதாவது பின்னால் மாட்டும் புல்வெட்டும் கருவியைச் சுழற்றுவது, எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பின்புறத்து பி.டி.ஓ. தண்டில் வந்து சேரும் திறன் மட்டுமே. அது எப்போதும் எஞ்சினின் திறனைவிடக் குறைவு. நீ குறித்திருக்கும் குபோட்டா பி.எக்ஸ். வகையில் எஞ்சின் 22 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு, பி.டி.ஓ.வில் கிடைப்பது 18-க்கு அருகில். மகிந்திரா ஜீவோ 245-இல் எஞ்சின் 24, பி.டி.ஓ.வில் 22. முதலாவது ஹைட்ரோஸ்டாட், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது, இரண்டாவது கியர். எண்ணெய் வழியாகப் போகும்போது கொஞ்சம் திறன் வெப்பமாக வீணாகிறது. ஆகவே இந்த வித்தியாசம் இயல்பானதுதான். 1.2 மீட்டர் அகல ஸ்லாஷருக்கு பி.டி.ஓ.வில் சுமார் 20 குதிரைத்திறன் வேண்டும். புல் தடித்த இடத்தில் 18 திணறும். மெதுவாகப் போனால் சமாளிக்கும்.

தூக்கும் திறனில் இன்னும் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. அதை, பின்னால் கருவியை மாட்டித் தூக்கும் கீழ்க் கைகளின் நுனியில் அளந்தும் எழுதலாம், நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தும் எழுதலாம். அந்தச் சிறிய குபோட்டாவில் நுனியில் 550 கிலோ. பின்னால் தள்ளி அளந்தால் 310 கிலோதான். ஒரு தாளில் முதல் அளவும் இன்னொரு தாளில் இரண்டாவது அளவும் இருந்தால், ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டு நாம் ஒப்பிடாமலே இருந்துவிடுவோம். தீயணைக்க 400 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் மாட்டப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். தண்ணீர் மட்டுமே 400 கிலோ, அதன் பாரம் நுனியில் இல்லாமல் பின்னால் தள்ளி இருக்கும். ஆகவே எந்தப் புள்ளியில் அளந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

இப்போது சரிவு. நிலத்தை அளக்காமல் டிராக்டரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கம் தரையில் வை. பலகை மேல் ரசமட்டத்தை வைத்து, மறுமுனையைச் சமமாகும் வரை தூக்கு. அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள். 18 சென்டிமீட்டர் என்றால் சரிவு 10 பாகை. 27 என்றால் 15 பாகை. 15 பாகைக்கு மேல் இருக்கும் இடத்தில், யார் எந்த டிராக்டரை விற்றாலும், நீ ஓட்டப் போவதில்லை. ஓடைக்கு இறங்கும் அந்தக் கீழ்ப்பகுதி எனக்குக் கண்ணாலேயே தெரிகிறது. அதை அளந்தாலும் அளக்காவிட்டாலும் விட்டுவிடு. பக்கத்து வீட்டுக்காரரின் மாடுகள் மேயட்டும், அல்லது தோளில் மாட்டும் புல்வெட்டியோடு ஆளை அனுப்பு.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உன் பெரியப்பா. அவர் இடது காலைச் சாய்த்து நடப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருப்பாய். 1974-இல் எங்கள் காய்கறித் தோட்டத்தின் ஓரத்தைச் சுத்தம் செய்ய, வாடகைக்கு ஒரு பழைய டிராக்டரையும் ஸ்லாஷரையும் கொண்டுவந்தோம். அந்தக் கால டிராக்டர்கள் பலவற்றில் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச்தான். வாய்க்கால் நெருங்கியதும் அண்ணன் கிளட்சை மிதித்தார். எஞ்சின் விலகியது, ஆனால் சுழன்றுகொண்டிருந்த ஸ்லாஷரின் கனமான தகடுகள் தண்டு வழியாக கியர் பெட்டியைத் திருப்பி, கியர் பெட்டி சக்கரங்களைத் திருப்பி, வண்டியை முன்னே தள்ளிக்கொண்டே போயின. அவர் கிளட்சை மிதித்தபடியே வாய்க்காலில் இறங்கினார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. பின்சக்கரம் அவர் காலின் மேல். வண்டிக்கு மேலே இரும்புச் சட்டமும் இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆறு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வண்டியை வாடகைக்குப் பேசி முடித்தவன் நான். ஒருவழி கிளட்ச் என்று ஒரு சிறிய பொருளைத் தண்டில் மாட்டியிருந்தால் அது நடந்திருக்காது என்பதை ஆலைப் பட்டறையில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

அதனால்தான் மூன்றாவதாக நீ எழுதியிருக்கும், பக்கத்துப் பண்ணையில் மலிவாகக் கிடைக்கும் மாஸி பெர்குசன் 135-ஐ நான் வேண்டாம் என்கிறேன். மாப்பிள்ளைக்கு அதன் மேல் ஆசை இருப்பது புரிகிறது, அந்த ஆசையில் தவறும் இல்லை. 1964-இல் வெளிவந்த அந்த மாடலும் அதன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினும் நல்ல வேலைப்பாடு. 45 குதிரைத்திறன் அளவில் உழைக்கும், உதிரிப் பாகமும் இன்றுவரை கிடைக்கிறது. நம் ஊர் விவசாயிகள் வால்யாப்பி என்று அழைத்த சாம்பல் நிற பெர்குசனின் வழிவந்தது அது. கருவியை டிராக்டரின் பின்னால் மூன்று இடங்களில் மாட்டும், ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த முப்புள்ளி இணைப்பால்தான், கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் குதிரையைப் போல முன்னங்காலைத் தூக்கிப் பின்பக்கம் கவிழ்ந்து ஓட்டுநரை நசுக்கும் ஆபத்து பெருமளவு குறைந்தது. அந்த மனிதருக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்த வண்டி இரண்டு சக்கர ஓட்டம், மேலே சட்டம் இல்லை, வயது ஐம்பதுக்கு மேல். சமவெளியில் பழகிய கைக்கு அது போதும். உன் சரிவுக்கு அன்று.

பிரேக்கைப் பற்றிச் சொன்னேனே. பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. இறக்கத்தில் போகும்போது எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து, பிரேக் மிதித்தபடியே வண்டி வழுக்கும். நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டிருந்தால், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களோடு தண்டால் பிணைக்கப்பட்டிருப்பதால், அதே பின் பிரேக் நான்கு சக்கரங்களையும் பிடிக்கிறது. சேற்றில் ஏறுவதற்குத்தான் நான்கு சக்கர ஓட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். உனக்கு அது இறங்குவதற்கு வேண்டும். இறக்கத்தில் அதை ஒருபோதும் விலக்காதே, கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடாதே.

கிளட்ச் பழக்கம் இல்லாத உனக்கு ஹைட்ரோஸ்டாட் நல்லது என்று நான் நினைப்பதற்கும் இதுவே காரணம். மிதியிலிருந்து காலை எடுத்தால் வண்டி நிற்கப் பார்க்கும். பயந்த கால் செய்யும் முதல் காரியமும் எடுப்பதுதான். திறன் கொஞ்சம் வீணாவதை நான் பொருட்படுத்தவில்லை.

அப்படியானால் அந்தச் சிறிய குபோட்டாவையே வாங்கலாமா என்று கேட்பாய். அதன் எடை 650 கிலோ அளவில்தான், வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி குறைவு. வீட்டைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு அது மிகப் பொருத்தம். வாட்டில் மரத்தின் வெட்டுக்கட்டைகள் புல்லுக்குள் மறைந்திருக்கும் இடத்தில் வயிறு தட்டும். ஜீவோவில் விலையும் இழுவையும் எனக்குப் பிடித்திருக்கிறது, நான்கு சக்கர ஓட்டமும் உண்டு. ஆனால் அது திராட்சைத் தோட்ட வரிசைகளுக்குள் நுழைவதற்காகக் குறுகலாகச் செய்யப்பட்டது. குறுகிய தடம் சரிவில் எளிதில் சாயும். மூன்றும் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கும் தயக்கம்தான். இருந்தாலும் என் கருத்து இது: ஒரு படி மேலே போய், 25 குதிரைத்திறன் அளவிலும் ஒரு டன்னுக்கு அருகில் எடையும் உள்ள, நான்கு சக்கர ஓட்டமும் ஹைட்ரோஸ்டாட்டும் கொண்ட ஒன்றைக் கேளுங்கள். பின்சக்கரங்களை அகலமாக மாற்றி வைக்க முடியுமா, டயரில் தண்ணீர் நிரப்பி எடை கூட்டித் தருவார்களா என்றும் கேளுங்கள். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ ஹோவிக்கிலோ யாரிடம் ஃபில்டரும் உதிரிப் பாகமும் அன்றைக்கே கிடைக்கும் என்பதைப் பொறுத்தது.

கூடுதல் செலவுக்குப் பணம் எங்கே என்று உன் அம்மா கேட்டாள். முன்னால் மாட்டும், வாளியால் அள்ளித் தூக்கும் லோடரை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். எருவைச் சுமக்கப் பின்னால் மாட்டும் பெட்டி போதும். தூக்கிய வாளியோடு சரிவில் திரும்புவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. விலையில் 15 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா, ஸ்லாஷரும் பி.டி.ஓ. தண்டும் அடங்குமா, 50 மணி நேரத்தில் வரும் முதல் பராமரிப்பு யார் செலவு என்பதையும் கேட்டு வையுங்கள். மாப்பிள்ளையின் பக்கியில், அந்தப் பிக்கப் வண்டியில், நீங்களே இழுத்து வர நினைக்காதீர்கள்; டிரெய்லரோடு சேர்த்தால் 750 கிலோவைத் தாண்டும், அதற்கு வேறு உரிமம் வேண்டும். விற்பவரே கொண்டுவந்து இறக்கட்டும்.

இன்னும் ஒன்று. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், வினாடிக்கு ஒன்பது. துப்பட்டாவின் நுனி மாட்டினால் கை எடுக்க நேரம் இருக்காது. தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. சீட் பெல்ட் போடாமல் மேலே சட்டம் இருந்து பயன் இல்லை. கவிழும்போது அந்தச் சட்டமே உன்னை அழுத்தும். பேரன் எவ்வளவு அழுதாலும் மடியில் உட்கார வைத்து ஓட்டக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை காலை வருகிறேன், பெரியப்பாவும் வருகிறார். அவரே வருகிறேன் என்றார். விற்பவரிடம் வண்டியை உங்கள் நிலத்துக்கே கொண்டுவந்து, ஸ்லாஷரை மாட்டி, கிணற்றுக்கு மேலே இருக்கும் மிதமான சரிவில் ஓட்டிக் காட்டச் சொல். கடையின் சிமென்ட் தரையில் எல்லா டிராக்டரும் நன்றாகத்தான் ஓடும். அதற்குள் பலகையும் ரசமட்டமும் கொண்டு நான்கு இடங்களில் அளந்து எழுதி வை. கொட்டகை வாசலின் உயரத்தையும் அளந்துகொள், மேலே உள்ள சட்டத்தை மடக்காமல் வண்டி உள்ளே போக வேண்டும்.

அன்புடன்,
அப்பா