அரிச்சல்முனைல குளிக்கிறவங்களுக்கு யாராச்சும் சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஆடி மாசம் பசங்கள கூட்டிக்கிட்டு தனுஷ்கோடி போனோம், 2017ல ரோடு திறந்ததுக்கப்புறம் அரிச்சல்முனை வரைக்கும் கார்லயே போயிடலாம், முன்னாடி மணல்ல வேன்ல குலுங்கிக்கிட்டு போனது இப்ப கதையா போச்சு. அங்க ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கு, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா சீறுது, ஊர்க்காரங்க பெண் கடல் ஆண் கடல்னு சொல்றது சும்மா இல்லங்க. ரெண்டும் சேர்ற முனைல நீரோட்டம் இழுக்கும், அங்கயே போய் செல்ஃபி எடுக்குறாங்க, சின்னப் புள்ளைங்கள இறக்கி குளிக்க விடுறாங்க! 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் சுவத்துல வேற பேர் கிறுக்கி வச்சிருக்காங்க. சீசன்ல முனைகிட்ட ரெண்டு லைஃப்கார்டு, தமிழ்லயும் இந்திலயும் பெருசா ஒரு எச்சரிக்கை போர்டு, இதுபோதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை